உங்களுக்குத் தெரியுமா? மீன்பிடி ஏரிகளுக்கு மேலே விமானத்துக்குத் தடை!

அமெரிக்காவின் மினசோட்டாவில், கனடா எல்லையை ஒட்டிய பவுண்டரி வாட்டர்ஸ் காட்டு ஏரிகளுக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து 4,000 அடிக்குக் கீழே விமானம் பறக்கக் கூடாது. 1949 டிசம்பரில் அதிபர் ட்ரூமன் போட்ட உத்தரவு இது. தண்ணீரில் இறங்கும் குட்டி விமானங்களில் தூண்டில்காரர்கள் வந்து குவிந்ததுதான் காரணம்!

• இங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள். பெரும்பாலானவற்றில் மோட்டாருக்கு இடமில்லை. கயாக், கனூ என்று துடுப்புப் படகுதான்.

• ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குப் போக, காட்டுப் பாதையில் படகைத் தோளில் சுமக்க வேண்டும். அந்தத் தூரத்தை ‘ராட்’ கணக்கில் சொல்கிறார்கள். 1 ராட் 16.5 அடி, ஏறக்குறைய ஒரு கனூவின் நீளம். கனமான மீன்பிடி கயாக்கோடு வருகிறவர் பாடு திண்டாட்டம்தான்.

• சத்தம் காற்றைவிடத் தண்ணீரில் நான்கு மடங்குக்கும் அதிக வேகத்தில் போகும். துடுப்பு படகில் ‘டொக்’கென்று இடித்தால் போதும், மீன் உஷாராகிவிடும்.

• ஒரு குழுவில் 9 பேர், 4 படகுகள், அவ்வளவுதான். டின்னிலோ கண்ணாடி பாட்டிலிலோ அடைத்து விற்கும் உணவும் பானமும் கூடாது.

• இரவு தங்க அனுமதிச் சீட்டு வேண்டும். தூண்டில் போட மினசோட்டா மீன்பிடி உரிமம் தனி.