ஈயச் சேமக்கலத்தைப் பேணும் முறை

மின்சாரம் தடைப்பட்ட இரவில் விளக்கும் விசிறியும் நில்லாது இயங்கக் காண்போர் பலர். அவ்வுதவி எங்கிருந்து வருகின்றதென்று எண்ணுவோர் சிலரே. வீட்டின் மூலையில் இன்வெர்ட்டருடன் இணைந்து கிடக்கும் பாட்டரி என்னும் சேமக்கலமே அதனை அளிப்பது. அதனைப் பேணும் முறையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஈயச் சேமக்கலத்தை 1859-ஆம் ஆண்டில் அமைத்தவர் காஸ்டன் பிளாந்தே என்னும் பிரெஞ்சு அறிஞர். அதன் அடிப்படை இன்றும் மாறவில்லை. நீர் கலந்த கந்தகத் திராவகத்தில் இருவகைத் தகடுகள் நிற்கும். நேர்த்தகட்டில் கபில நிற ஈயப் பெராக்ஸைடும், எதிர்த்தகட்டில் கடற்பஞ்சு போன்ற ஈயமும் உள்ளன. குடத்தில் நீரைச் சேமிப்பது போல இதில் மின்சாரம் சேமிக்கப்படுகின்றதென்று கருதுதல் தவறு. மின்சாரத்தை நாம் எடுக்குங்கால் திராவகம் தகடுகளோடு கூடி, இரண்டையும் ஈய ஸல்பேட்டாக மாற்றுகின்றது. உடன் நீரும் உண்டாகின்றது. மின்சாரத்தை ஏற்றுங்கால் இம்மாறுதல் தலைகீழாக நிகழ்ந்து, தகடுகள் பழைய நிலையை அடைகின்றன.

ஆகவே திராவகத்தின் செறிவே கலத்தின் நிலையைக் காட்டும் குறியாம். ஹைட்ரோமீட்டரால் அளந்தால், முற்றும் ஏறிய கலத்தில் ஒப்படர்த்தி, அதன் வகைக்கேற்ப, 1.24 முதல் 1.28 வரை இருக்கும். மிகவும் இறங்கிய கலத்தில் 1.15 அளவிற்குத் தாழும்.

இறங்கிய கலத்தை நாட்கணக்கில் அவ்வாறே விடுதல் பெரும் பிழை. மென்மையாயிருந்த ஸல்பேட்டு கடினமான படிகங்களாக உறைந்து, பின்னர் ஏற்றினும் கரைய மறுக்கும். பல கலங்கள் உழைப்பால் அன்றி, இவ்வலட்சியத்தாலேயே அழிகின்றன. பயன்படுத்தியவுடன் ஏற்றுக. 150 ஆம்பியர்-மணி அளவுள்ள கலத்திற்கு, அதன் பத்திலொரு பங்காகிய 15 ஆம்பியர் ஏற்றம் பொருத்தமானது. ஆறு அறைகளுள்ள 12 வோல்ட் கலத்தில் ஏற்றத்தின் முடிவில் வோல்ட் அளவு ஏறக்குறைய 14.4 ஆகும். அதன்பின் 13.6 அளவில் தாழ்த்தி வைத்தல் நலம். அளவு மீறி ஏற்றினால் நீர் வாயுவாகப் பிரிந்து குறையும், தகடுகளும் அரிக்கப்படும்.

நீர் ஊற்றும் மூடியுள்ள கலங்களில் திராவக மட்டத்தை மாதந்தோறும் பார்த்தல் வேண்டும். குறைவது நீரேயன்றித் திராவகமன்று. ஆதலின் வடித்த நீரையே சேர்க்க, திராவகத்தைச் சேர்க்கற்க. கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் உள்ள உப்புக்களும் இரும்பும் தகடுகளைக் கெடுக்கும். ஏற்றுங்கால் மட்டம் உயருமாதலின், ஏற்றிய பின்னரே நீர் ஊற்றுக. தகடுகள் வெளியே தோன்றுமாயின் மட்டும், அவை மூழ்குமளவு முன்னரே ஊற்றலாம்.

ஏற்றுங்கால் ஹைட்ரஜன் வாயு எழுகின்றது. காற்றில் நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே அது சிறு பொறியாலும் வெடிக்கக் கூடும். கலத்தை அடைத்த அலமாரியிலும், விளக்கு அல்லது அடுப்பின் அருகிலும் வைத்தலாகாது. திராவகம் உடம்பிற் பட்டால் உடனே மிகுந்த நீரால் கழுவுக. கண்ணிற் பட்டால் நெடுநேரம் கழுவி, மருத்துவரை நாடுக.

தேய்ந்த கலத்தைக் கண்ட கடையில் விற்பதும் தீங்கே. கொல்லைப்புறத்தில் அதனை உடைத்து ஈயத்தை உருக்குமிடத்து, நஞ்சு கலந்த தூளும் புகையும் மண்ணிற் படிந்து, அங்கு விளையாடும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தேய்ந்த கலங்களைத் திரும்பப் பெற்று முறைப்படி புதுக்கும் பொறுப்பை, இந்திய அரசாங்கத்தின் 2022-ஆம் ஆண்டு விதிகள் உற்பத்தியாளர்மேல் சுமத்தியுள்ளன. ஆதலின், மாணவ நண்பர்காள், புதிய கலம் வாங்குங்கால் பழையதை விற்பனையாளரிடமே ஒப்படையுங்கள். நம் வீட்டிற்கு ஒளி தந்த பொருள், அயலான் வீட்டுக் குழந்தைக்கு இருளாதல் தகாது.