சிட்னி இலகு தொடருந்துப் பணியும் குடியிருப்பாளர் புகார்களும்

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர மையத்தை ராண்ட்விக், கிங்ஸ்போர்டு ஆகிய தென்கிழக்குப் புறநகர்களுடன் இணைக்கும் 12 கி.மீ. இலகு தொடருந்துப் பாதையின் கட்டுமானம் 2015 அக்டோபரில் தொடங்கியது. தெருவில் தண்டவாளம் பதிக்கும் முன், அடியிலுள்ள குழாய்களையும் மின்வடங்களையும் இடம் மாற்ற வேண்டும். வரைபடங்களில் இல்லாத பல இணைப்புகள் தோண்டும்போது வெளிப்பட்டதால் பணி நீண்டது. இரவிலும் வேலை நடந்ததால் இரைச்சல், தூசி, தூக்கமின்மை குறித்துக் குடியிருப்பாளர்கள் புகார் செய்தனர்; சாலையோர மரங்கள் வெட்டப்பட்டதையும் எதிர்த்தனர். அறிவித்த காலத்தில் பணி முடியாததே பெருங்குறையாக இருந்தது. பாதை 2019 டிசம்பர், 2020 ஏப்ரல் என இரு கட்டங்களாகத் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2018 இல், வணிகர்களும் குடியிருப்பாளர்களும் கூட்டு வழக்குத் தொடுத்திருந்தனர். பொதுநலப் பணிக்காக அண்டையில் வாழ்வோர் எவ்வளவு தொல்லையை, எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும் என்பதே அதன் மையக் கேள்வி.