மூடுபனியும் முடியாக் கணக்கும்

கொடைக்கானலை அடுத்த பேத்துப்பாறையில் மூடுபனி இறங்கிய காலைப்பொழுதில், கதிரவன் எழுந்த பின்னரும் அவன் வட்டம் கண்ணுக்குப் புலனாவதில்லை. ஆயினும் ஊர் இருளில் ஆழ்வதுமில்லை. எத்திசை நோக்கினும் வெண்மையானதோர் ஒளி பரந்து நிற்கும். ஒரு பனித்துளியிற் பட்ட ஒளி திசைமாறி மற்றொரு துளியிற் படுகிறது. அங்கிருந்து வேறொன்றிற்குத் தாவுகிறது. இவ்வாறு பன்முறை சிதறியே அது நிலத்தை எய்துகிறது. உலோக மென்படலம் ஒன்றினுட் புகும் எலக்ட்ரான்களும் அணுக்களால் இவ்வாறே அலைக்கழிக்கப்படுகின்றன. புகுந்தவற்றுள் எத்துணைப் பங்கு மறுபுறம் வெளிப்படும் என்பதே இரண்டிடத்தும் எழும் வினா.

இவ்வினாவிற்கும் கொடைக்கானல் மலைக்கும் தொடர்புண்டு. 1899-இல் நிறுவப்பெற்ற அங்குள்ள வான் ஆய்வகத்தில், 1909-இல் ஜான் எவர்ஷெட் என்பார், கதிரவனின் கரும்புள்ளிகளில் வளிகள் வெளிநோக்கிப் பாய்வதை நிறமாலைக் கோடுகளின் வாயிலாகவே கண்டறிந்தார். அத்தகைய கோடுகளின் பொருளை முற்றும் அறிய வேண்டுமாயின், கதிரவனின் மேலடுக்குகளில் ஒளி சிதறி வெளிப்படும் வகையைக் கணக்கிட்டாக வேண்டும்.

அதற்கு, அடுக்கினைப் பல மெல்லிய தகடுகளாகப் பகுத்துக்கொள்வர். ஒரு தகட்டின் ஒளி அண்டைத் தகடுகளின் ஒளியைப் பொறுத்தது. அவற்றின் ஒளியோ இதனைப் பொறுத்தது. ஆதலின் முதற்கண் ஒரு மதிப்பை உத்தேசமாகக் கொண்டு, அதனின்றும் அடுத்த மதிப்பைப் பெற்று, மீண்டும் மீண்டும் திருத்திச் செல்வர். மதிப்பு இனி மாறாது என்னும் நிலையை அணுகுதலை ஒருங்கல் என்பர்.

இடர் இங்கேதான் தோன்றுகிறது. ஒரு திருத்தம் ஒரு சிதறலுக்கு ஒப்பாகும். கண்ணைக் கட்டிக்கொண்டு அடிதோறும் மனம்போனவாறு திரும்புபவன், பத்தடித் தொலைவைக் கடக்க ஏறத்தாழ 100 அடிகள் வைக்க நேரும். நூறடித் தொலைவிற்கோ 10,000 அடிகள் வேண்டும். பனி அடர அடரக் கணக்கும் அவ்வாறே நீளுகிறது.

நீளுதலினும் கொடியது அது ஏமாற்றுதல். மெய்யான விடை 100 எனவும், தொடக்க மதிப்பு 0 எனவும், ஒவ்வொரு திருத்தமும் எஞ்சிய பிழையில் நூற்றில் ஒரு பங்கையே போக்கும் எனவும் கொள்க. முதல் மாற்றம் 1, அடுத்தது 0.99; பின்னர் இன்னும் குறையும். மாற்றம் 0.5-க்குக் கீழ் வந்தவுடன் நிறுத்துக என்று கணிப்பொறிக்குக் கட்டளையிட்டால், அஃது ஏறத்தாழ 70 திருத்தங்களில் நின்றுவிடும். அப்போது விடை ஏறத்தாழ 50! பாதி வழியில் களைத்து அமர்ந்தவனை ஊர் சேர்ந்தவன் என்று எண்ணுவதற்கு இது நிகர். மாற்றம் சிறிதாயிருத்தல் வேறு. பிழை சிறிதாயிருத்தல் வேறு.

சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், இத்துறையில் வேறொரு வழியைச் செம்மைப்படுத்தினார். ஒளி செல்லக்கூடிய எண்ணற்ற திசைகளுக்கு மாற்றாகச் சில திசைகளை மட்டுமே கொண்டால், திருத்தித் திருத்திச் செல்லாமல், சமன்பாடுகளை ஒருங்கே தீர்த்துவிடலாம். கதிர்வீச்சின் செலவு பற்றி 1950-இல் வெளிவந்த அவர்தம் நூல் இம்முறையை விரித்துரைக்கிறது. அணுவுலைகளின் நியூட்ரான்களுக்கும், திண்பொருளுட் செல்லும் எலக்ட்ரான்களுக்கும் இம்முறை பின்னர்ப் பயன்பட்டது.

எனினும், செல்லும் ஒளியே அடுக்கிலுள்ள அணுக்களின் நிலையை மாற்றுமிடத்துத் திருத்தும் முறையை விட்டொழிக்க இயலவில்லை. அதனை விரைவுபடுத்தும் உபாயம் ஒன்றைக் கானன் என்பார் 1973-இல் அளித்தார். இன்றும் எச்சரிக்கையுடையோர் ஒரே கணக்கை இருமுறை, ஒன்றை மிகக் குறைந்த மதிப்பிலும் மற்றொன்றை மிகுந்த மதிப்பிலும் தொடங்குவர். மேற்கூறிய கணக்கை 200-இலிருந்தும் தொடங்கியிருந்தால், அஃது ஏறத்தாழ 150-இல் நின்றிருக்கும். 50, 150 என்னும் இரண்டையும் அருகருகே வைத்துக் கண்ட எவரும் கணக்கு முடிந்ததென்று எழுந்திருக்கமாட்டார்.