வழி தெரிந்து செல்லுதல்

நெடுந்தூரம் செல்வோர்க்கு வழி ஒன்றேயாயின் கவலையில்லை. பலவாயின், அவற்றுள் தமக்கு ஏற்றது எது எனத் தெரிந்தெடுக்கும் கடமை பிறக்கின்றது. இக்கடமை புதியதன்று. மதுரை செல்லப் புறப்பட்ட கோவலனுக்கு மாங்காட்டு மறையோன் மூன்று வழிகளை விரித்துரைத்த செய்தியைச் சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையைக் கற்றோர் அறிவர். கொடும்பை நெடுங்குளக் கரையில் வழியானது சூலப்படைபோல் மூன்றாகப் பிரிகின்றது. வலப்பக்க வழி சிறுமலையை நோக்கிச் செல்வது. இடப்பக்க வழி திருமால்குன்றத்தின்பாற் செல்வது. இரண்டிற்கும் இடையே கிடப்பது மூன்றாம் வழி. அவ்வவ் வழியிற் காண்பன இவை, எதிர்ப்படும் இடர் இவை என்று மறையோன் வகுத்துக் கூறுகின்றான். வழியின் நலத்தை மட்டும் புகழாது அதன் இடரையும் உடன் எடுத்துரைத்தமையே அவன் உரைக்குப் பயன் தருவது.

நிற்க. ஆம்பூர், வேலூர்ப் பக்கங்களிலிருந்து தென்பாண்டி நாட்டிற்கு மோட்டார் வண்டியிற் செல்ல விரும்புவோர்க்கும் இக்காலத்தே மூன்று வழிகள் உள. எம் தந்தையார் ஆம்பூரில் தோல் பதனிடும் சாலையொன்றில் மேற்பார்வை பார்ப்பவர். அவர் பிறந்த ஊர் பாளையங்கோட்டை. ஆதலின் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் விடுமுறையில் நாங்கள் குடும்பமாக அங்குச் செல்வது வழக்கம். நம் கல்லூரி மாணவருள்ளும் ஆசிரியருள்ளும் இவ்வாறு தெற்கே செல்வோர் பலராகலின், வழி தெரியும் முறையை ஈண்டுச் சிறிது கூற விழைகின்றேன்.

முதல் வழி, ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி, கிருஷ்ணகிரி சென்று, அங்கே தெற்கு நோக்கித் திரும்பித் தருமபுரி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல் வாயிலாக மதுரையை அடைவது. கிருஷ்ணகிரி வரையுள்ள பகுதி 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. அதற்கப்பால் உள்ளது ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44ஆம் எண் நெடுஞ்சாலை. 2010ஆம் ஆண்டில் எண்கள் மாற்றப்பெறுமுன் இவை முறையே 46 எனவும் 7 எனவும் வழங்கின. முதியோர் இன்றும் பழைய எண்களையே கூறுவராதலின் இதனை அறிந்துவைத்தல் நலம்.

இரண்டாம் வழி, வாணியம்பாடியிலேயே தெற்கே திரும்பித் திருப்பத்தூர், ஊத்தங்கரை, அரூர் ஆகிய ஊர்களைக் கடந்து, மஞ்சவாடிக் கணவாய் வழியே சேலம் சேர்வது. சேலத்திற்கு அப்பால் இது முதல் வழியோடு ஒன்றாகிவிடும். மூன்றாம் வழி, வேலூர் சென்று, கண்ணமங்கலம், போளூர், திருவண்ணாமலை, விழுப்புரம், திருச்சிராப்பள்ளி வாயிலாக மதுரை அடைவது. இது 38ஆம் எண் நெடுஞ்சாலை. விராலிமலையை அடுத்துள்ள கொடும்பாளூரே சிலப்பதிகாரம் கூறும் கொடும்பை என்பர். எனவே மூன்றாம் வழியிற் செல்வோர் கோவலன் வழி பிரிந்த இடத்தின் அருகிலும், முதல் வழியிற் செல்வோர் சிறுமலையின் அடிவாரத்திலும் தம்மையறியாமலே செல்கின்றனர். மதுரைக்கு அப்பால் விருதுநகர், கோவில்பட்டி வழியே திருநெல்வேலி செல்லும் சாலை எல்லார்க்கும் பொது.

இனி, தூரத்தைப் பற்றி ஆராய்வாம். ஆம்பூரிலிருந்து சேலம், கிருஷ்ணகிரி வழியாக ஏறத்தாழ 180 கிலோமீட்டர். திருப்பத்தூர் வழியாக ஏறத்தாழ 150. முப்பது கிலோமீட்டர் மிச்சம் என்று கண்டவுடன் பலர் இரண்டாம் வழியை விரும்புவர். ஆயின் பிரயாணியின் பொழுதைச் செலவிடுவது தூரம் மட்டுமன்று, வேகமுமாம். நடுவே தடுப்புடைய அகன்ற சாலையில் வண்டி சராசரி மணிக்கு 60 கிலோமீட்டர் செல்லுமாயின் 180 கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம் ஆகும். ஊர்களும் வேகத்தடைகளும் எதிர்வரும் வண்டிகளும் நிறைந்த சாலையில் சராசரி 45ஆகக் குறையுமாயின் 150 கிலோமீட்டருக்கு மூன்று மணி இருபது நிமிடம் ஆகும். குறுக்கு வழி நெடு வழியாவது இவ்வாறே. மறுதலையாக, நல்ல சாலையில் வேகத்தை மிகுத்தலாலும் பெரும்பயன் இல்லை. நூறு கிலோமீட்டரை மணிக்கு 80 வீதம் கடப்பவன் 75 நிமிடத்திற் கடப்பான். 100 வீதம் கடப்பவன் 60 நிமிடத்திற் கடப்பான். இப்பதினைந்து நிமிடத்திற்காக ஏற்கும் அபாயமோ பெரிது.

புறப்படும் இடமும் கருதத்தக்கது. ஆம்பூரார் மூன்றாம் வழியை நாடின் முதலில் வடகிழக்கே ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் சென்று பின்னர்த் தெற்கே திரும்ப வேண்டும். அவர்க்கு அது சுற்று வழி. வேலூராருக்கோ முதல் வழிக்கும் மூன்றாம் வழிக்கும் தூரத்தில் பெரிய வேறுபாடில்லை. ஆகவே ஒருவர்க்கு நல்ல வழி மற்றவர்க்கும் நல்லதென்று கொள்ளலாகாது.

அடுத்துக் கருதத்தக்கவை இடர்கள். முதல் வழியில் தருமபுரிக்கும் சேலத்திற்கும் இடையே தொப்பூர்க் கணவாய் உளது. சேலம் நோக்கிச் செல்வோர்க்கு அது நீண்ட இறக்கம். இறக்கத்தில் பிரேக்கை இடைவிடாது மிதித்துக்கொண்டே வரின் உராய்வினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். தாழ்ந்த கியரில் இறங்குவோமாயின் எஞ்சினே வண்டியைத் தாங்கிப் பிடிக்கும். எரிபொருளை மிச்சப்படுத்தக் கருதிக் கியரை விடுவித்து உருளவிடும் லாரிகள் அத்தாங்குதலை இழந்து, முன்செல்லும் வண்டிகளின்மேல் மோதிய விபத்துக்கள் அங்குப் பல. எனவே பாரமேற்றிய லாரிக்கு முன்னும் பின்னும் நெருங்கிச் செல்லாமை அறிவுடைமை. மூன்றாம் வழியில் பௌர்ணமி நாட்களில் திருவண்ணாமலையில் கிரிவலம் வருவோர் கூட்டம் மிகும். கார்த்திகைத் தீபத்தன்று சொல்லவேண்டுவதில்லை. தீபாவளி, பொங்கல் முதலிய பண்டிகைகளின் முன்னாட்களில் சென்னையிலிருந்து தெற்கே செல்லும் வண்டிகளெல்லாம் விழுப்புரத்தருகே அவ்வழியிற் கலந்துவிடும். நம் ஊரிலோ, காலணித் தொழிற்சாலைகள் விடும் மாலை வேளையில் பெண்கள் பலர் நெடுஞ்சாலையைக் கடந்து வீடு திரும்புவர். வெளியூர் வண்டியோட்டிகள் அதனை அறியார். நாமோ அறிந்தும் விரைகின்றோம்.

இவை யாவும் யான் முன்னரே அறிந்தவை. எனினும் சென்ற ஆண்டு தவறினேன். வழி தெரியும் பொறுப்பை எம் தந்தையார் என்னிடம் விட்டிருந்தார். செல்பேசியின் வரைபடத்தை நோக்கி, இரவு பத்து மணிக்குப் புறப்பட்டு முதல் வழியிற் செல்லின் பொழுது மிகக் குறையும் என்று முடிவு செய்தேன். அவ்வரைபடம் பொய் கூறவில்லை, சாலையில் நெருக்கமில்லை, தொப்பூரையும் நலமே கடந்தோம். கரூரைக் கடந்து சென்றபோது, விடிவதற்கு முன், வாடகை வண்டியின் ஓட்டுநர் கண்ணயர்ந்தார். வண்டி சாலை நடுத் தடுப்பில் மோதி நின்றது. என் தம்பிக்கு நெற்றியிற் காயம். அத்தைக்குத் தோள் எலும்பு முறிந்தது. அவ்வாண்டுக் கிறிஸ்துமஸை மருத்துவமனை விறாந்தையிற் கழித்தோம். ஓட்டுநர் என் அருகில் வந்து நின்று, "தம்பி, காலையிலேதான் சென்னைக்கு ஒரு சவாரி போய் வந்தேன், உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்" என்றார். அவர் சொல்லியிருக்க வேண்டியது உண்மையே. யான் கேட்டிருக்க வேண்டியது அதனினும் உண்மை. சாலையின் நிலையை அறிய ஒரு மணி நேரம் செலவிட்ட யான், வண்டியை ஓட்டுவோரின் நிலையை அறிய ஒரு வார்த்தையும் செலவிடவில்லை.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்க்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரமே வேலை எனவும், ஐந்து மணி நேரத்திற்கு மேல் ஓய்வின்றி வேலை செய்தல் கூடாது, அதற்குள் அரைமணியேனும் ஓய்வு வேண்டும் எனவும் 1961ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்திருந்தது. வாடகைக்கு அமர்த்துவோர் இதனை மனத்திற் கொள்ளின் பல உயிர்கள் பிழைக்கும். நம் முன்னோரும் இதனை அறியாதவரல்லர். திருவண்ணாமலைக்கு அணித்தாகிய செங்கத்து நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்தும் மலைபடுகடாம், பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் உண்டாகலின் நள்ளிருளிற் செல்லாது, தங்கியிருந்து விடிந்தபின் செல்லுமாறு அறிவுறுத்துகின்றது. பரிசில் பெற விரையும் வறியோர்க்கே அவ்வறிவுரையாயின், விடுமுறைக்குச் செல்லும் நமக்கு என்ன விரைவு?

ஆகவே வழி தெரிவோர் நான்கினை வரிசையாக ஆராய்க. முதலாவது, வண்டியோட்டுபவர் முந்திய இரவு உறங்கினாரா என்பது. இரண்டாவது, இடருள்ள பகுதியைப் பகலிற் கடக்க முடியுமா என்பது. மூன்றாவது, அந்நாளில் அவ்வழியில் திருவிழாவோ கூட்டமோ உண்டா என்பது. நான்காவதே தூரமும் சுங்கமும். நம்மிற் பலர் இவ்வரிசையைத் தலைகீழாகக் கொள்கின்றோம்.

இவ்வாண்டும் முதல் வழியிலேயே சென்றோம். வழி அதுவே, பொழுதே வேறு. காலை ஆறரை மணிக்குப் புறப்பட்டு, நல்ல வெயிலில் தொப்பூரை இறங்கி, சேலத்திலும் திண்டுக்கல்லிலும் இளைப்பாறி, இரவு மதுரையில் உறவினர் வீட்டில் தங்கி, மறுநாள் முற்பகலில் பாளையங்கோட்டை சேர்ந்தோம். புறப்படுகையில் வழியைப் பற்றி யான் பேசத் தொடங்குமுன், அத்தை வண்டியின் கதவைப் பிடித்தவாறே ஓட்டுநரை நோக்கி, "நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினீர்களா, ஐயா?" என்று வினவினார். அவர் "ஆம், அம்மா" என்ற பின்னரே ஏறி அமர்ந்தார்.