கத்தரி வயலின் பூச்சிக் குடிகள்

கத்தரி நாற்றை நட்டதிலிருந்து கடைசிக் காய் பறிக்கும் வரை ஏறத்தாழ 5 மாதங்கள். அதற்குள் அவ்வயலின் பூச்சிக் குடிகள் பலமுறை மாறிவிடுகின்றன. செடியின் அகவைக்கேற்ப அதை உண்ண வருவனவும் மாறும். அவற்றை வேட்டையாடுவனவும் பின்னே வந்து சேரும். இவ்வரிசையை அறியாது நஞ்சு தெளிப்பதே உழவர்க்குப் பேரிழப்பைத் தருகிறது என்பது என் துணிபு.

இளஞ்செடியை முதலில் நாடுவன சாறு உறிஞ்சிகள்: தத்துப்பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ. இலையைத் திருப்பினால் வெளிர்பச்சைத் தத்துப்பூச்சிக் குஞ்சுகள் நண்டைப்போல் பக்கவாட்டில் விரைந்து ஒளியும். அசுவினியோ ஆண் துணையின்றியே குட்டி ஈனுவதால் சில நாள்களில் தளிரை மூடிவிடும். அதை உண்ணும் பொறிவண்டு முட்டையிட்டுப் புழுவாகிப் பெருகச் சற்றுக் காலம் வேண்டும். அந்த இடைவெளியில் பொறுமையிழந்து மருந்தடித்தால் பொறிவண்டு மடியும். எஞ்சிய அசுவினியே முந்திப் பெருகும்.

பொறிவண்டின் உறவினம் ஒன்று கத்தரிக்குப் பகை. அதுவே 28 புள்ளிகள் வரை தாங்கும் எபிலாக்னா வண்டு. நன்மை செய்யும் பொறிவண்டின் முதுகு எண்ணெய் தடவியதுபோல் மின்னும். எபிலாக்னாவின் முதுகிலோ நுண்மயிர் படர்ந்திருப்பதால் மங்கித் தோன்றும். இதன் மஞ்சள் புழு முதுகெங்கும் கிளைத்த முட்களைக் கொண்டது. இலையின் பசுமையைச் சுரண்டித் தின்று நரம்பு வலையை மட்டும் விட்டுவைக்கும். சில புழுக்கள் கருத்து, விறைத்து இலையில் ஒட்டிக் கிடக்கும். அவற்றை நசுக்க வேண்டாம். ஒட்டுண்ணிக் குளவிகள் பல அவற்றுள் வளர்கின்றன. வெளிவந்ததும் அவை மற்ற புழுக்களைத் தேடிச் செல்லும்.

பூக்கும் பருவத்தில் வேறோர் உலகம் திறக்கிறது. கத்தரிப் பூவின் தாதுப்பை நுனியிலுள்ள சிறு துளை வழியாகவே பூந்தூளை உதிர்க்கும். கருவண்டு எனப்படும் தச்சன் தேனீயும் நீலப்பட்டைத் தேனீயும் பூவைப் பற்றிக்கொண்டு இறக்கைத் தசையை அதிரச் செய்ய, தூள் பொழிகிறது. கூட்டில் தேன் சேர்க்கும் நம் தேனீக்களுக்கு இவ்வதிர்வு கைவராது.

காய்ப்பருவத்தின் தலைவன் தண்டு, காய்த் துளைப்பான். இந்த ஒரு புழுவுக்காக உருவாக்கப்பட்ட மரபணு மாற்றக் கத்தரியை இந்திய அரசு 2010-இல் நிறுத்திவைத்தது. வங்கதேசம் 2013-இல் ஏற்றது. புழு நுழையும் வழி மிகச் சிறிது. அதையும் தன் கழிவால் அடைத்துக்கொள்ளும். காயில் நம் கண்ணில் படும் பெருந்துளை பெரும்பாலும் அது வெளியேறிய வழி. துளையைக் கண்டபின் தெளிக்கும் நஞ்சால் அந்தக் காய்க்குப் பயனில்லை. உள்ளிருக்கும் பிற புழுக்களையும் அது எட்டாது. குளவிகளையும் தேனீக்களையுமே எட்டும்.

ஆதலின் துளைப்பான் குடைந்ததால் வாடித் தொங்கும் தளிர்களைப் புழுவோடு கிள்ளி அழியுங்கள். அதன் ஆண் அந்துகளைப் பிடிக்க இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். கடைசிப் பறிப்பு முடிந்ததும் செடிகளை வேரோடு பிடுங்கி அகற்றுங்கள். விறகுக்கென்று வரப்பில் அடுக்கி வைத்தால், அதில் கூட்டுப்புழுவாய்த் தங்கிய துளைப்பான் அடுத்த நடவுக்கு அந்தாகப் பறந்து வரும்.