வடகடல் ஓரம் – 7: கடல் இறங்கிப் போகும் ஊர்

சென்ற வாரம் ஹாம்பர்க் துறைமுகத்தில் நின்றோம். அங்கிருந்து ரயில் ஏறினால், எல்பெ ஆறு வடகடலில் கலக்கும் முனைக்கு இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அந்த முனையில் இருக்கும் ஊர் குக்ஸ்ஹாஃபன். கோடை பிறந்தால் ஜெர்மானியக் குடும்பங்கள் பிள்ளை குட்டிகளோடு வந்து இறங்கும் கடற்கரை ஊர்களில் ஒன்று.

அதன் கடற்கரைப் பகுதியான டூனனில், வெள்ளத்தைத் தடுக்க எழுப்பிய உயரமான மண்கரை ஒன்று புல் போர்த்திக் கிடக்கிறது. அதன்மேல் ஏறி நின்று பார்த்தேன். கண்ணுக்கு எட்டியவரை ஈரமண். அதில் பாட்டிகளும் பேரப்பிள்ளைகளும் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தார்கள். கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போயிருந்தது. ஆறு மணி நேரம் கழித்து வந்தால் அதே இடத்தில் பிள்ளைகள் நீந்துகிறார்கள்.

கடல் என்றால் ஏற்றமும் வற்றமும் உண்டுதான். இங்கே இரண்டுக்கும் இடையிலான உயர வித்தியாசம் சுமார் 3 மீட்டர். கடலடித் தரையோ ஏறக்குறைய மட்டமானது. நீர் அந்த 3 மீட்டர் இறங்கியதும் கரை வெகுதூரம் விலகிவிடுகிறது. நெதர்லாந்தில் தொடங்கி, ஜெர்மனியைக் கடந்து, டென்மார்க் வரை இப்படியே நீள்கிற இந்தச் சேற்றுவெளியை வாடன் கடல் என்கிறார்கள். இதன் நெதர்லாந்துப் பகுதியையும் ஜெர்மனிப் பகுதியில் பெரும்பங்கையும் யுனெஸ்கோ 2009-இல் உலக மரபிடமாக அறிவித்தது. டென்மார்க் பகுதி 2014-இல் சேர்ந்தது.

இந்த இடத்தின் அருமையை முதலில் எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் ஜெர்மானிய இயற்பியல் பேராசிரியர் லிஷ்டென்பெர்க். இங்கிலாந்தின் மார்கேட் கடற்கரையைப் பார்த்துவிட்டு வந்தவர் அவர். தம் நாட்டில் ஏன் அப்படி ஒரு பொதுக் கடற்குளியல் தலம் இல்லை என்று 1793-இல் ஒரு கட்டுரை எழுதினார். எல்பெ முகத்துவாரத்தை அதற்கு ஏற்ற இடமாகக் காட்டினார். அதே ஆண்டு பால்டிக் கரையில், ஹைலிகன்டாமில், மெக்லன்பர்க் கோமகன் ஒரு தலத்தைத் தொடங்கிவிட்டார். குக்ஸ்ஹாஃபன் 1816 வரை காத்திருந்தது. அப்போது இந்த வட்டாரம் ஹாம்பர்க்கின் கையில் இருந்தது. அங்கிருந்து நிர்வாகியாக வந்த ஆபென்ட்ரோத் குளியல் தலத்தை நிறுவினார்.

ஊரின் நாள் கடலை வைத்தே நகர்கிறது. விடுதி முகப்பிலும் கடற்கரைப் பலகையிலும் ஏற்றவற்ற நேரம் எழுதியிருக்கிறது. அது நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். எனவே இன்று காலையில் குளித்தவர்கள் சில நாள் கழித்து மதியத்தில்தான் குளிக்க முடியும். யாரும் முணுமுணுப்பதில்லை. நீர் இருந்தால் நீச்சல், இல்லாவிட்டால் நடை. 1902-இல் தொடங்கிய டூனன் குதிரைப் பந்தயம் நடப்பதும் நீர் வடிந்த கடல்தரையில்தான்.

எனக்கு மறக்க முடியாதது நொய்வெர்க் தீவுக்குப் போன நடை. சுமார் 10 கிலோமீட்டர், ஏறக்குறைய மூன்று மணி நேரம், முழுக்கக் கடல்தரையில். வழி தெரிய பிர்ச் மரச் சுள்ளிகளைக் கட்டுக்கட்டாக நட்டிருக்கிறார்கள். வழிகாட்டியாக வந்த பெண்மணி ஓர் இடத்தில் எல்லோரையும் நிறுத்தி, காலடியைப் பார்க்கச் சொன்னார். இடியாப்பம் பிழிந்து வைத்ததுபோல மணல் சுருள்கள். மண்ணை விழுங்கி, அதில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களைத் தின்றுவிட்டு மிச்சத்தை மேலே தள்ளும் புழுவின் வேலை அது. இந்தப் புழுக்களையும் சிப்பிகளையும் நம்பி ஆண்டுதோறும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வலசைப் பறவைகள் வாடன் கடலில் இறங்குகின்றன. சைபீரியாவிலிருந்து மேற்கு ஆப்பிரிக்கா வரை பறக்கிற பறவைக்கு வழியில் வயிறு நிரம்பும் இடம் இதுதான்.

ஆபத்தையும் வழிகாட்டியே விளக்கினார். நீர் திரும்பும்போது எதிரே அலையாக வராது. சேற்றுவெளியை ஊடறுக்கும் ஓடைகள்தான் முதலில் நிறையும். முன்னே தரை காய்ந்திருக்கும்போதே பின்னே வழி அடைபட்டுவிடும். அப்படிச் சிக்கியவர்கள் ஏறித் தப்பிக்க, வழிநெடுகக் கம்பங்களின் மேல் கூண்டுகள் வைத்திருக்கிறார்கள். நடக்க முடியாதவர்களை உயரமான சக்கரங்கள் பூட்டிய குதிரை வண்டிகள் ஏற்றிச் சென்றன.

நொய்வெர்க்கில் மிகச் சிலரே வாழ்கிறார்கள். ஆற்று வழியைக் காக்க ஹாம்பர்க் எழுப்பி 1310-இல் முடித்த செங்கல் கோபுரம் இன்றும் நிற்கிறது. 1814 முதல் 2014 வரை அதுவே கலங்கரை விளக்கம். ஏற்றம் வந்ததும் கப்பலில் திரும்பினோம். காலையில் நாங்கள் நடந்த தரைமேல் கப்பல் மிதந்து போனது.

இந்தக் கரையின் மக்கள் பல நூற்றாண்டுகளாக மண்கரை கட்டிக் கட்டிச் சேற்றை வயலாக்கியவர்கள். 1962 பிப்ரவரியில் வந்த புயல்வெள்ளம் ஹாம்பர்க்கில் மட்டும் 315 உயிர்களைக் கொண்டுபோனது. கடலுக்கு அஞ்ச இவர்களுக்குக் காரணம் உண்டு. அப்படியும், லோயர் சாக்சனி மாநிலம் 1986-இலும் ஹாம்பர்க் 1990-இலும் தம் பகுதிச் சேற்றுவெளியைத் தேசியப் பூங்காவாக்கின. ஊரைக் காக்கும் கரையை உயர்த்திக்கொண்டார்கள். அதற்கு அப்பால் இருப்பதைக் கடலுக்கே விட்டுவிட்டார்கள். பறவைக்குரிய இடங்களில் மனிதர் கால் வைக்கக் கூடாது என்று எல்லை வகுத்தார்கள். குக்ஸ்ஹாஃபனுக்கு வருகிறவர்கள் அந்தச் சேற்றைப் பார்க்கத்தான் வருகிறார்கள். சேறு பயனற்ற நிலம், நிரப்பினால்தான் காசு என்று நினைக்கும் எந்தக் கடலோர ஊரும் இங்கே வந்து ஒரு வற்றம், ஓர் ஏற்றம் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

குக்ஸ்ஹாஃபனிலிருந்து ஹெல்கோலாண்டுக்கும் கப்பல் போகிறது. 1890-இல் பிரிட்டன் ஜெர்மனிக்குக் கைமாற்றிக் கொடுத்த அந்தச் செம்பாறைத் தீவுக்கு அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)