ஊர்க்காவலும் நமது கடமையும்

1829ஆம் ஆண்டில் உள்நாட்டமைச்சர் ரொபேட் பீல் இலண்டன் மாநகரில் பொலிஸ் படையை நிறுவியபொழுது, குற்றம் நிகழாது தடுப்பதே அதன் முதற்கடமையென விதிக்கப்பட்டது. அக்கடமை பொலிஸாருக்கு மாத்திரம் உரியதன்று. இலங்கையின் சிற்றூர்களில் வாழும் நமக்கும் உரியது.

கள்வன் பூட்டுக்கு அஞ்சாவிடினும் அயலவர் கண்ணுக்கு அஞ்சுவான். திருவிழாவுக்கு வீட்டைப் பூட்டிச் செல்வோர் அயல்வீட்டாரிடம் சொல்லிச் செல்லுதல் வேண்டும். பகலிலும் எரியும் விளக்கும், வாயிலிற் குவிந்து கிடக்கும் பத்திரிகைகளும் வீட்டில் ஆளில்லை என்பதைப் பறைசாற்றும். திறப்பைப் பூச்சாடியின் கீழ் வைத்தல், அதனைக் கள்வனிடமே கொடுத்தலை ஒக்கும்.

“ஒரு கோழிதானே, ஒரு சைக்கிள்தானே” என்று முறைப்பாடு செய்யாது விடுதல் தகாது. சிறு களவுகளும் பதிவானாற்றான், எந்த ஒழுங்கையில், எந்நேரத்தில் அவை நிகழ்கின்றன என்பதைப் பொலிஸார் அறிந்து சுற்றுக்காவலை அமைத்தல் கூடும். அவசரமாயின் 119 என்னும் இலக்கத்தை அழைக்கலாம்.

அகப்பட்டவனை அடித்தலோ காவலன்று, அதுவும் குற்றமே. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, பிடியாணையின்றிக் கைதுசெய்யத்தக்க குற்றத்தைக் கண்முன்னே புரிபவனைப் பிடிக்கப் பொதுமகனுக்கும் இடமளிக்கின்றது. ஆயினும், வீண் தாமதமின்றி அவனை ஒப்படைத்தல் வேண்டும் என்கின்றது. ஐயத்தின்பேரில் ஓங்கிய கை குற்றமற்றவன்மீதும் விழக்கூடும். விழித்திருத்தல் நமது கடமை. தீர்ப்பளித்தல் நீதிமன்றத்தின் கடமை.